எவர்சில்வரா, செம்பா?

ஒவாக்கா
16 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பி அலிஸ்டருக்கு,

அக்கா நோலீன் எழுதுவது. இங்கே நானும் நாய் டிப்பும் நாற்பத்திரண்டு செம்மறிகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ படியில் பக்கவாட்டில் இறங்குகிறாய் என்று உன் வீட்டுக்காரி கிளெனிஸ் போனில் சொன்னாள். நண்டு மாதிரி இறங்குவதற்குப் பதில் டாக்டரைப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சாராயம் வடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வழிவிட்ட வாரமே உன் அத்தான் ட்ரெவர் ஒரு பால் கேனும் குழாயும் வாங்கி வந்தது உனக்குத் தெரியும். கேனுக்கு மின்சாரச் சூடேற்றி பொருத்தினார். அதன்மேல் நிற்கும் குழாயைத் தானே பற்றவைத்தார். குழாய்க்குள் எதையோ நிரப்ப வேண்டும் என்றார். எதை என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். ஒன்றரை வருடமாக அது துவைப்பறையில் வெறுங்குழாயாக நிற்கிறது. இரண்டு அங்குல அகலம், என் தோள் உயரம்.

இப்போது என்ன அவசரம் என்பாய். எங்கள் ஊர் மன்றத்துக்கு வருகிற பிப்ரவரி 27-ஆம் தேதி நூறு வயது ஆகிறது. கூட்டத்தில் "ஜின் என் பொறுப்பு" என்று கையைத் தூக்கிவிட்டேன். அதற்கு ரேவினும் டனீடினிலிருந்து வருகிறாள். போன மாதம் நான் ஒரு சட்டியைக் கருகவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன் பேசிக்கொண்டிருந்தேன், யாருக்கும் நடப்பதுதான். அவளோ, "இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா, அம்மா, பண்ணையக் குத்தகைக்கு விட்டுட்டு எங்க தெரு முதியோர் குடியிருப்புக்கு வந்துடணும்" என்கிறாள். பிப்ரவரியில் நேரில் பார்த்து முடிவு செய்வாளாம். பெற்ற மகள் எனக்குத் தேர்வு வைக்கிறாள். சாராயம் வடிக்கும் வாலையைத் தனியாக ஓட்டி ஊருக்கே ஊற்றிக் கொடுக்கிற அம்மாவை எந்தக் குடியிருப்பில் அடைப்பாள், பார்ப்போம்.

இதற்கென்றே பீங்கான் வளையம் விற்கிறார்களாம். விலையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். ட்ரெவரின் மேசையில் ஒரு பை நிறையக் கோலிக்குண்டு இருக்கிறது. அதைப் போடலாமா? முப்பத்து மூன்று வருடம் அறிவியல் நடத்தியவன் நீ. சொல்.

அக்கா


மொட்டுவேக்கா
24 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கிளெனிஸும் நலம். முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. ஜூலையில் உன்னைப் போட்டுப் படுத்திய காய்ச்சலும் சளியும் முழுதாக விட்டதா?

கோலிக்குண்டு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். பள்ளியில் மணி அடித்ததும் நடைபாதையை நினைத்துப் பார். ஒரு கூட்டம் மேலே ஏறுகிறது, இன்னொரு கூட்டம் கீழே இறங்குகிறது. நடைபாதை காலியாக இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஓடிவிடும். நடுவில் பெஞ்சுகளைப் போட்டுவை. முட்டாமல், மோதாமல், நின்று இரண்டு வார்த்தை பேசாமல் யாரும் போக முடியாது. உன் குழாயில் ஆவி ஏறுகிறது, திரவம் இறங்குகிறது. அவை சந்திக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கீழே தங்கும், சாராயம் மேலே போகும். நிரப்புப் பொருள்தான் பெஞ்சு. கோலிக்குண்டு பருத்த பெஞ்சு. வழியை அடைக்கும், சந்திக்க இடம் தராது.

மலிவும் நல்லதும் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பிநார். இரண்டு டாலர் கடையில் கிடைக்கும். கையோடு ஒரு காந்தம் கொண்டு போ. ஒட்டினால் வைத்துவிடு, துருப்பிடிக்கும். வாங்கியதை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துப் பார். தொழிற்சாலை எண்ணெய் போகக் கழுவு. பிறகு முடிவெட்டாத தலை மாதிரிப் பிரித்துவிட்டு நிரப்பு. திணித்தால் மூச்சு முட்டும்.

செம்புக் கம்பிவலை இன்னும் மேல். நொதித்ததில் கந்தகம் இருந்தால் செம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் விலை நாலு மடங்கு. ஆகவே முதலில் எவர்சில்வரில் வடித்து மோந்து பார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் செம்பு வாங்கு. அடிக்காவிட்டால் காசு மிச்சம். சந்தேகம் வந்தால், செல்லாமல் போன பழைய இரண்டு சென்ட் செம்புக் காசு ஒன்றைப் பளிச்சென்று துலக்கி ஒரு கோப்பையில் போட்டு வை. சில மணி நேரத்தில் நாற்றம் மறைந்தால் அது கந்தகம்தான்.

உனக்கு இதெல்லாம் எதற்கு? பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும்போதே "ஆட்டுக்கறி, முட்டைக்கோஸ், அம்மா உப்புப் போட மறந்துட்டாங்க" என்று சொன்ன மூக்கு அது.

முதலில் வடியும் கோப்பை குடிக்க ஆகாது, கட்டாயம் கொட்டிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி அலிஸ்டர்


ஒவாக்கா
20 செப்டம்பர் 1998

அன்புத் தம்பிக்கு,

சுகம். சளி போய்விட்டது. முழங்கால் உன்னோடு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

பல்க்ளூத்தா வரை போய் வந்தேன். குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த மீன் பொம்மைக் காந்தத்தைக் கோட்டுப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். கம்பிநாரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைப் பெண் வந்து நின்றாள்.

"என்னம்மா, மீனுக்கு என்ன காட்டிட்டு இருக்கீங்க?"

"எது நல்லதுன்னு அதுதான் சொல்லும்."

"சொல்லுச்சா?"

"இந்த நாலும் போலின்னுது."

அந்தப் பெண் உடனே தன் கைக்கடிகாரத்தை நீட்டி, "இதையும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். மீன் ஒட்டிக்கொண்டது. பாவம், காதலன் கொடுத்ததாம்.

பன்னிரண்டு வாங்கினேன். வினிகரில் தேறின. என் கம்பளி துவைக்கும் சோப்புக் கரைசலைக் காய்ச்சி அதிலேயே மூன்று முறை போட்டெடுத்து, ஓர் அலசு அலசினேன். கண்ணாடி மாதிரி மின்னின. பிரித்துவிட்டுக் குழாயில் நிரப்பினேன். வியாழக்கிழமை முதல் முறை ஓட்டினேன். மேலே வெப்பமானி எழுபத்தெட்டில் நின்றது, அரை மணி நேரம் அசையவே இல்லை. முதல் கோப்பைக்குப் பதில் இரண்டு கோப்பை கொட்டினேன். வந்தது ஆற்று நீர் மாதிரித் தெளிவு. ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காய் போட்டு ஊற வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் விவசாயக் கண்காட்சியில் ஜாம் நடுவராக வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். இருபத்தொரு வருடம் போதும். இளையவர்கள் வரட்டும்.

கிளெனிஸுக்கு என் அன்பு.

அக்கா


மொட்டுவேக்கா
30 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். ஆப்பிள் மரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. உன் ஆட்டுக்குட்டிகள் எத்தனை?

உன் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன். பழக்கம். காந்தம் சரி, வினிகர் சரி, கழுவியது சரி, எழுபத்தெட்டில் அசையாமல் நின்றது மிகச் சரி. பத்துக்கு ஒன்பது போடுகிறேன். ஒரு மதிப்பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறேன். எப்படி மணந்தது என்று எழுதவில்லையே! கேள்வித்தாளில் இருந்த முக்கியமான கேள்வி அதுதான். முட்டை நாற்றம் உண்டா, இல்லையா? எவர்சில்வரா, செம்பா என்பது அதில்தான் இருக்கிறது.

ஜாம் நடுவர் வேலையை விட்டது ஆச்சரியம். நாலு வருடத்துக்கு முன் ஒரு பாட்டிலை மோந்தே "இது கடையில் வாங்கிய ஜாம்" என்று கண்டுபிடித்து, ஓர் அம்மாள் உன்னோடு பேசுவதையே நிறுத்தினாளே. அந்தச் சந்தோஷத்தையா இளையவர்களுக்குக் கொடுத்தாய்?

உடனே பதில் போடு.

அலிஸ்டர்


ஒவாக்கா
8 நவம்பர் 1998

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. ஐம்பத்தேழு குட்டிகள், வால் வெட்டும் வேலை, நடுவில் ஒரு வாரம் விடாத மழை. நான் சுகம். உன் முழங்காலைப் பற்றி இந்த முறையும் ஒரு வரி இல்லை.

சாராயம் சாராயம் மாதிரிதான் மணக்கும், வேறெப்படி? நீயே பார். பக்கத்துப் பண்ணை ஹோனேயின் அண்ணன் மகள் மேரே உங்கள் பக்கத்து நெல்சனுக்குக் கார் ஓட்டிப் போகிறாள். அவளிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன்.

பாட்டிலை வாங்க வந்த நாளில் ஒரு கூத்து. ஹோனே அரை மணி நேரமாக என் சமையலறை சோபாவில் சாய்ந்து ஸ்கோன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மேரே உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, இங்க எதோ செத்துக் கெடக்கு."

"நான் இல்ல, மூச்சு வருது" என்றான் ஹோனே.

"நீ வந்ததுலேர்ந்து அசையல. அதான் சந்தேகப்படுறா" என்றேன் நான்.

குளிர்ப்பெட்டியின் பின்னால் ஓர் எலி. மூன்று நாளாவது ஆகியிருக்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மேரேதான் எடுத்துப் போட்டாள்.

பாட்டிலைப் பத்திரமாகத் திற. இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


மொட்டுவேக்கா
22 நவம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. மேரேவுக்கு டீ கொடுத்தோம்.

நேற்றுச் சாப்பாட்டுக்கு முன் திறந்தேன். அடுத்த அறையிலிருந்து கிளெனிஸ் கேட்டாள்: "யாருக்கு சளி? நெஞ்சுல என்ன தடவுறீங்க?"

"தடவல. குடிக்கப் போறேன்."

அவள் வந்து மோந்தாள். "என்னங்க, இது என் கம்பளிச் சட்டைய தொவச்ச வாசன!"

யூகலிப்டஸ் தைலம், அக்கா. நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கம்பளிச் சோப்பில் ஊற்றும் அதே தைலம். அந்தக் கரைசலில் கம்பிநாரை மூன்று முறை காய்ச்சியிருக்கிறாய். குழாயில் சூடு ஏறியதும் ஒட்டியிருந்த தைலம் முழுக்கச் சாராயத்தில் இறங்கிவிட்டது. நீ எழுதியதைப் படித்து "கழுவியது சரி" என்று டிக் போட்டவன் நான். அது என் பிழை.

ஆனால் அந்தப் பாட்டிலைத் திறந்தால் மூன்றாவது வீட்டு நாய்கூடத் தும்மும். உனக்குத் தெரியவில்லை. எலியும் தெரியவில்லை. சட்டியும் தெரியவில்லை. ஜாமும் அதனால்தான், இல்லையா?

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கண் பரிசோதனை அட்டையில் உள்ள எழுத்துகளை முன்னால் நிற்பவர்கள் சொல்லும்போதே மனப்பாடம் செய்துகொள்வாள். மூன்று வருடம் தப்பித்தாள். ஒரு நாள் அட்டையை மாற்றிவிட்டார்கள். அவளைத் திட்டத் தோன்றவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள் என்றுதான் தோன்றியது.

எப்போதிலிருந்து, அக்கா?

அலிஸ்டர்


மொட்டுவேக்கா
18 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாங்கள் நலம். நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால் வானிலை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். தெற்கில் தூறல் என்பதை வானொலியே சொல்லிவிடுகிறது.

ரேவினிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உன் செய்தி. கிளெனிஸ் செய்த பழக் கேக் ஒன்று தபாலில் வருகிறது.

அலிஸ்டர்


ஒவாக்கா
10 ஜனவரி 1999

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு எல்லா நலமும் தரட்டும். கேக் வந்தது. மென்மையாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு வழியில்லை.

ஜூலையிலிருந்து. காய்ச்சல் போனது, சளி போனது, போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு நாள் காலை காபிப் பொடி டப்பாவைத் திறந்தேன். மரத்தூளைத் திறந்த மாதிரி இருந்தது. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

யாரிடமும் சொல்லவில்லை. ரேவினுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று உனக்கே தெரியும். கருகுவது தெரியாத, எலி செத்தது தெரியாத கிழவியைத் தனியாக விடுவாளா? நான் அவள் இடத்தில் இருந்தாலும் விடமாட்டேன். ஆனால் இந்த வீட்டை விட்டு எங்கே போவேன்? காலையில் கதவைத் திறந்தால் டிப் வாலை ஆட்டுகிறது, கடல் தெரிகிறது. குடியிருப்பில் கதவைத் திறந்தால் இன்னொரு கதவு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு "நெஞ்சுல என்ன தடவுறீங்க" என்ற வரிக்கு வந்து சிரித்துவிட்டேன். பதினாறு பாட்டில், தம்பி! அத்தனையும் ஜலதோஷ மருந்து!

ஹோனேயிடம் மட்டும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "என் மூக்கு சும்மாதான் இருக்கு. வேணுங்கறப்ப எடுத்துக்க" என்றான். "முன்னாடி நல்லாத் தொடச்சிட்டு வா" என்றேன்.

இன்னும் ஏழு வாரம். என்ன செய்யட்டும்? முழங்கால் எப்படி? இனி நானும் பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அக்கா


மொட்டுவேக்கா
17 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும்தான் மூச்சு வந்தது. நலம். (மற்றது பிறகு.)

பழைய கம்பிநார்களைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள். தைலம் ஏறியதை இனி வடிக்கப் பயன்படுத்தாதே. புதிதாகப் பன்னிரண்டு வாங்கு. வாசனை சேர்க்காத சலவைச் சோடாவும் கொதிநீரும் மட்டும் போதும், சோப்பு எதுவும் வேண்டாம். கேனையும் குழாயையும் அப்படியே கழுவு. வடித்ததை ஹோனே மோந்து பார்க்கட்டும். முட்டை நாற்றம் இருந்தால் சொல். செம்புக் கம்பிவலை ஒரு சுருள் வாங்கி என் கொட்டகையில் வைத்திருக்கிறேன். தோட்டக்காரர்கள் நத்தையை விரட்டப் போடுவது. தேவை என்றால் மட்டும் அனுப்புகிறேன்.

ரேவினிடம் நீயே சொல், பிப்ரவரி 27-க்கு முன்னால். அட்டையை அவர்கள் மாற்றும் வரை காத்திருக்காதே.

அலிஸ்டர்


ஒவாக்கா
15 பிப்ரவரி 1999

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம்! உட்கார்ந்து படி.

புதுக் கம்பிநாரில் போன வாரம் மூன்று முறை ஓட்டினேன். ஹோனே ஒவ்வொரு கோப்பையையும் மோந்தான். கண்ணை மூடினான். "தேன் மாதிரி இருக்கு, நோலீன்" என்றான். செம்பு வேண்டாம், காசு மிச்சம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ரேவின் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், மன்றத்தைத் துடைக்க உதவுகிறேன் என்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிட்டேன். அவள் தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"அப்ப அந்தச் சட்டி போன் பேசுனதால கருகல."

"இல்ல."

"ஏழு மாசமா நடிச்சிருக்க."

"நல்லா நடிச்சேனா?"

"அம்மா, வெளையாடாத. இனிமே உன்ன இங்க விட்டு வைக்க முடியாது. மார்ச்ல ஒரு வீடு காலியாகுது. நான் பேசுறேன்."

மீதித் தட்டுகளை நான் கழுவினேன். அவள் சொன்னது நியாயம்.

ஞாயிறு காலை, வேலையாவது முடியட்டும் என்று ஜூனிப்பர் காய் போட ஒரு பாட்டிலைத் திறந்தேன். கோப்பையில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். தம்பி, ஏதோ ஒன்று வந்தது. நெடுந்தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. குனிந்தேன். மறுபடி வந்தது. முட்டை! அழுகிய முட்டை! என் சாராயம் நாறியது! அப்படி ஓர் அழகான நாற்றத்தை என் ஆயுளில் மோந்ததில்லை. "ரேவின்! நாறுதுடீ! நாறுது!" என்று கத்தியதில் டிப் குரைக்கத் தொடங்கிவிட்டது.

அவள் ஓடி வந்து மோந்தாள். "எனக்கு வெறும் சாராய வாசனதான் வருது. நீயா நெனச்சுக்கற, அம்மா."

ஹோனே வந்தான், மோந்தான். "தேன்" என்றான்.

"ஹோனே, நீ முப்பது வருஷம் இறைச்சித் தொழிற்சாலைல எந்தப் பிரிவுல இருந்த?"

"கொடல் கழுவுற ரூம்ல."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ மூக்கு இருக்கான்னுதான கேட்ட. என்ன வேல பாத்துச்சுன்னு கேக்கலயே."

அவனை நம்பிச் செம்பு வேண்டாம் என்றேன் பார்!

அப்போதுதான் உன் இரண்டு சென்ட் காசு நினைவுக்கு வந்தது. ட்ரெவரின் மேசையில் ஒன்று கிடைத்தது. துலக்கி ஒரு கோப்பையில் போட்டேன். அதே சாராயத்தைக் காசில்லாமல் இன்னொரு கோப்பையில் ஊற்றினேன். இரண்டையும் மூடிவைத்துவிட்டு வேலியைப் பார்க்கப் போனோம். திரும்பியதும் ரேவினிடம் சொன்னேன்: "காசை எடுத்துடு. என் கண்ணக் கட்டு. கோப்பைய மாத்தி மாத்தி வை. எது நாறுதுன்னு நான் சொல்றேன்."

பாத்திரம் துடைக்கும் துண்டால் கட்டினாள். கோப்பை மேசையில் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. முதல் முறை: "வலது." இரண்டாவது: "வலதுதான், மாத்தாம ஏமாத்துற." மூன்றாவது: "இடது." நாலாவது, ஐந்தாவது. ஆறாவது முறை இரண்டையும் மோந்தேன். மறுபடி மோந்தேன். "ரெண்டும் நாறல. என்னடீ பண்ணுன?"

துண்டை அவிழ்த்தேன். ரேவின் இரண்டு கோப்பையிலும் காசு போட்ட சாராயத்தைப் பங்கிட்டு ஊற்றியிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஹோனேதான் முதலில் வாய் திறந்தான். "ஆறுக்கு ஆறு. நான் பள்ளிக்கூடத்துல வாங்குனதே இல்ல."

முழுசாக வரவில்லை, தம்பி. காபி இன்னும் மரத்தூள்தான். ரோஜாவும் இல்லை. முட்டை மட்டும் வந்திருக்கிறது. டாக்டருக்கு போன் செய்தேன். சிலருக்குக் கெட்ட நாற்றம்தான் முதலில் திரும்புமாம்.

ரேவின் இன்று காலை புறப்படும் முன் சமையலறை, நடை, துவைப்பறை மூன்றிலும் புகை அலாரம் மாட்டினாள். "மார்ச் வீட்ட வேற யாருக்காவது குடுக்கச் சொல்றேன். ஆனா மாசா மாசம் வந்து கண்ணக் கட்டுவேன்" என்றாள்.

புதிதாக வடித்த பதினாறு பாட்டிலும் நாறுகிறது. பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. செம்பை அனுப்பு!

அக்கா


மொட்டுவேக்கா
17 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

செம்புச் சுருள் கூரியரில் இன்றே புறப்பட்டுவிட்டது. குழாயின் மேல்பாதியில் செம்பு, கீழ்ப்பாதியில் எவர்சில்வர். இரண்டும் வேண்டும் போலிருக்கிறது. செம்பை வெந்நீரில் மட்டும் கழுவு. எல்லாவற்றையும் தண்ணீர் கலந்து மறுபடி ஒருமுறை ஓட்டு.

உன் கடிதத்தைக் கிளெனிஸுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நாறுதுடீ" என்ற இடத்தில் அவள் கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

பொய் என்றதும் நினைவு வருகிறது. முழங்கால் மோசம். போன மே மாதமே டாக்டர் அறுவை சிகிச்சை என்றார். ஆறு மாதமாக உன் கேள்வியைத் தாண்டித் தாண்டி எழுதினேன். தாண்டுவதற்கு இருந்தது அந்த ஒரு கால்தான். ஏப்ரலில் தேதி வாங்கிவிட்டேன்.

செப்டம்பரில் பிடித்து வைத்த ஒரு மதிப்பெண்ணை இத்துடன் அனுப்புகிறேன். பத்துக்குப் பத்து.

அலிஸ்டர்


ஒவாக்கா
7 மார்ச் 1999

அன்புத் தம்பிக்கு,

சுகம். ஏப்ரலில் நான் அங்கே வருகிறேன். கிளெனிஸுக்கு உதவியாகவும், நீ படியில் நேராக இறங்குவதைப் பார்க்கவும். டிப்பை ஹோனே பார்த்துக்கொள்வான். டிப் என்ன செய்தாலும் அவனுக்கு நாறாது.

மன்றத்துக்கு நூறு முடிந்தது. நூற்றெண்பது பேர் வந்தார்கள். ஜின் ஒன்பது மணிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பழைய ஜாம் அம்மாள் என் முன்னால் வந்து நின்று, மோந்து, ஒரு வாய் குடித்து, "கடையில வாங்கலியே?" என்றாள். நான்கு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அவளுக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

நன்றி சொல்லும்போது தலைவர் என் பெயரைச் சொன்னார். ரேவின் எழுந்து, "எங்க அம்மா மூக்குல வடிச்சது" என்றாள். எவ்வளவு கேவலமான வாக்கியம்! மன்றமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது.

இன்று காலை ஒரு சின்ன விஷயம். ரொட்டியை வாட்டப் போட்டுவிட்டு டிப்புக்குச் சாப்பாடு வைக்கப் பின்பக்கம் போனேன். குனிந்து தட்டை வைத்தவள் அப்படியே நிமிர்ந்தேன். கருகல். ஓடினேன். ரொட்டி ஒரு பக்கம் கரிக்கட்டை. நான் சுவிட்சை அணைத்த பிறகுதான் ரேவின் மாட்டிய அலாரம் கத்தத் தொடங்கியது.

ரொட்டியைத் தூக்கிப் போடவில்லை. வெண்ணெய் தடவி, மோந்து மோந்து, ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

அக்கா